பெஞ்சில் பையன், தையல் மிஷினில் பெண்: பங்களாதேஷ் படங்களில் பெண்பிள்ளைகளின் படிப்பு

நண்பர் ஒருவர் கேட்டார்: "ரெஹானா மரியம் நூர் படம் பார்த்தேன். அதில் வரும் மருத்துவக் கல்லூரி மாணவிகளையும் அந்தக் குட்டிப் பெண்ணையும் பார்த்த பிறகு ஒரு யோசனை. பங்களாதேஷ் படங்களில் பெண்பிள்ளைகளின் படிப்பு, பள்ளிக்கூட வாழ்க்கை எல்லாம் எப்படி வருகிறது? அங்கே பெண்கல்வி நன்றாக வளர்ந்திருக்கிறது என்கிறார்களே, அது திரையில் தெரிகிறதா? என் மகள் ஏழாவது படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து பார்க்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

ஒரே வரியில் சொல்வதென்றால், பெரும்பாலும் தெரிவதில்லை. வகுப்பறைக்குள் உட்கார்ந்து படிக்கிற பெண்பிள்ளையை டாக்கா சினிமா அபூர்வமாகத்தான் காட்டியிருக்கிறது. பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், பெண் தையல் மிஷின் முன்னால் இருப்பாள். அந்த மிஷின் ஓடினால்தான் அவனுக்குப் புத்தகம். ஐம்பது அறுபது வருஷப் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கிற சித்திரம் இதுதான். இதை மீறின படங்களும் உண்டு, அவற்றுக்கு வருகிறேன்.

முதலில் நிஜ நிலவரம் கொஞ்சம். அது தெரியாமல் படங்களை மட்டும் பார்த்தால், அந்த நாட்டில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கே போவதில்லை என்று தோன்றிவிடும். உண்மையில் இன்றைக்கு அங்கே இடைநிலைப் பள்ளிகளில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகள்தான் அதிகம். காலையில் எந்தச் சிறு டவுனுக்குப் போனாலும் ரெட்டைச் சடை, ரிப்பன், நெஞ்சின் குறுக்கே 'வி' மாதிரி மடித்துப் பின் குத்திய வெள்ளை ஓட்னா (துப்பட்டா) என்று சாரை சாரையாக வருவார்கள்.

இது தானாக நடந்ததல்ல. 1982ல் சாந்த்பூர் மாவட்டத்தில் ஷாராஸ்தி என்ற ஒரே ஒரு உபஜிலாவில் (நம் தாலுகா மாதிரி) பெண்பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். அது பலித்தது. 1994ல் கிராமப்புறம் முழுக்கக் கொண்டு வந்தார்கள். 'உபபிருத்தி' என்று சொல்வார்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, பணம் பெண்ணின் பெயரிலேயே வங்கிக் கணக்கில் விழுந்தது. அன்றைய நிபந்தனை மூன்று: 75 சதவீத வருகை, பரீட்சையில் 45 சதவீத மதிப்பெண், அப்புறம் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. மூன்றாவதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் போவதும் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதும் ஒரே பாஸ்புக்கில் முடிச்சுப் போடப்பட்டிருந்தன. ஆனாலும் இன்றுவரை அங்கே பாதிப் பெண்களுக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம் நடந்துவிடுகிறது. படிக்கவும் வைக்கிறார்கள், பாதியில் கல்யாணமும் செய்து வைக்கிறார்கள். இரண்டும் ஒரே வீட்டில் நடக்கும்.

ஒரு வீட்டுத் திண்ணையில் அந்தப் பாஸ்புக்கை நடுவில் வைத்துக்கொண்டு அப்பா, அம்மா, தரகர், பெண் என்று நாலு பேர் உட்கார்ந்தால் அதுவே ஒரு படம். இவ்வளவு பெரிய கதை கையில் இருந்தும் டாக்கா ஸ்டுடியோக்கள் அதைத் தொடவில்லை என்பதில் எனக்குத் தீராத ஆதங்கம்.

இதில் ஒரு வேடிக்கை. டாக்காவில் எடுத்த முதல் வங்காளிப் பேசும்படம் 'முக் ஓ முகோஷ்'. அப்துல் ஜப்பார் கான் இயக்கியது, 1956ல் வந்தது. அதில் நடிக்கப் பெண்கள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. கடைசியில் கிடைத்த பெண்களில் இரண்டு பேர் ஈடன் கல்லூரி மாணவிகள். ஆக, அந்த ஊர் சினிமா தொடங்கியபோதே கேமரா முன்னால் நின்றவர்கள் படித்துக்கொண்டிருந்த பெண்கள். ஆனால் படிக்கும் பெண் என்ற பாத்திரம் வேரூன்ற ரொம்ப காலம் ஆயிற்று.

வணிகப் படங்களில் கல்லூரிப் பெண் வராமலா? வருவாள், நிறைய வருவாள். நெஞ்சோடு அணைத்துப் பிடித்த இரண்டு புத்தகம், பின்னால் நாலு தோழிகள், எதிரே மோட்டார் சைக்கிளில் கதாநாயகன். அந்தப் புத்தகத்தை அவள் திறந்து நான் பார்த்ததில்லை. என்ன பாடம் படிக்கிறாள் என்றுகூடப் பல படங்களில் தெரியாது. கல்லூரி என்பது அவளை வழிமறித்துப் பாட்டுப் பாடுவதற்கு வசதியான இடம், அவ்வளவுதான். நிஜத்தில் 'பொகாட்டே', அதாவது வெட்டியாகச் சுற்றும் பொறுக்கிப் பையன்கள் பள்ளிக்கூட வழியில் நின்று செய்கிற தொந்தரவு தாங்காமல் படிப்பை நிறுத்திய பெண்கள் எத்தனையோ பேர். அந்த நாட்டுச் செய்தித்தாள்களில் 'ஈவ் டீசிங்' என்பது வாரம் தவறாமல் வரும் வார்த்தை. திரையில் அதே காட்சிக்குப் பின்னணி இசை போட்டுக் காதல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊர்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

பரீட்சையில் பாஸாவது மட்டும் பையனின் வேலை. "அம்மா, நான் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஃபர்ஸ்ட்!" என்று கதாநாயகன் மூச்சிரைக்க வீட்டுக்குள் ஓடி வருவதும், உள்ளே தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கண் கலங்குவதும் அங்கே இன்றைக்கும் கேலி மீம்களில் உலவுகிற காட்சி. தையல் மிஷின் என்றாலே நடிகை ஷபானா ஞாபகம்தான் வரும் அவர்களுக்கு. புருஷன் செத்தாலோ விட்டுவிட்டுப் போனாலோ ஷபானா மிஷினில் உட்கார்ந்துவிடுவார். மிஷின் ஓட ஓட, ஒரு டிசால்வில் மகன் வளர்ந்து பட்டதாரி ஆகிவிடுவான். சிரிப்பாக இருக்கும். ஆனால் கல்விச் செலவை யார் சுமந்தார்கள், பட்டத்தை யார் வாங்கினார்கள் என்ற கணக்கு அந்த ஒரு காட்சியில் துல்லியமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தை மையமாக வைத்து எடுத்து, ஊரே அழுதுகொண்டு பார்த்த படங்களும் உண்டு. இரண்டைச் சொல்கிறேன். இரண்டுமே அஜிசுர் ரஹ்மான் இயக்கியவை, இரண்டிலும் நாயகன் ரசாக்.

'அஷிக்கிதோ', 1978. படிப்பறிவில்லாத ஊர்க் காவல்காரன், ஒரு சின்னப் பையனை வாத்தியாராக ஏற்றுக்கொண்டு தன் பெயரைக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்கிறான். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வருவதுதான் கதையின் உயிர். இரண்டு வருஷம் கழித்து 'சுட்டிர் கொண்டா', அதாவது விடுமுறை மணி. விடுமுறைக்கு முன் கடைசி நாளில் கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்ட மாணவன் ஒருவனைக் கவனிக்காமல் பள்ளியைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரசாக் அந்தப் பள்ளியின் தஃப்தரி, நம் வழக்கில் பியூன். கதவுக்கு அந்தப் பக்கம் ஊர் விடுமுறையைக் கொண்டாடுகிறது, இந்தப் பக்கம் பையன் சுவரில் எழுதிக்கொண்டே சாகிறான். அந்தத் தலைமுறை வங்காளிகளிடம் இந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் போதும், முகம் மாறும்.

இரண்டும் நல்ல படங்கள்தான். ஆனால் கற்றுக்கொடுப்பது பையன், கற்றுக்கொள்வது ஆண், பூட்டிய பள்ளிக்குள் சாவதும் பையன். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக் கழிப்பறைக்கும் தனியாக ஒரு கதை உண்டு. 2014ல் நடந்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், மாணவிகளில் பத்துக்கு நாலு பேர் மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்குப் போவதில்லை என்று சொல்லியிருந்தார்கள். மாதத்துக்கு மூன்று நாள் என்று வைத்தால் வருஷத்துக்கு எத்தனை பாடம் போகும், நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தப் பூட்டிய கதவைப் பற்றி ஒரு முழுநீளப் படம் இன்னும் எனக்குக் கண்ணில் படவில்லை.

சரி, கலைப்படங்களுக்கு வருவோம். அங்கே பள்ளிக்கூடம் இல்லாமல் போவதே கதையாகிறது.

தன்வீர் மொகம்மெலின் 'லால்சாலு', 2001. சையத் வலியுல்லாவின் நாவலை வைத்து எடுத்தது. மஜீத் என்பவன் பிழைப்புத் தேடி ஒரு கிராமத்துக்கு வருகிறான். கேட்பாரற்றுக் கிடந்த பழைய சமாதியின் மேல் சிவப்புத் துணியைப் போர்த்தி, இது ஒரு பீரின் (இஸ்லாமிய மகானின்) மஜார், அதாவது தர்கா, என்று சொல்லிக் காணிக்கை வாங்கி வாழ ஆரம்பிக்கிறான். அந்த ஊரில் அக்காஸ் என்ற இளைஞன் ஒரு பள்ளிக்கூடம் கட்ட ஆசைப்படுகிறான். ஊர் கூடுகிறது. பள்ளிக்கூடம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள்ளேயே மஜீத் போவதில்லை. அக்காஸைப் பார்த்து ஒரே கேள்வி: உன் தாடி எங்கே? முடிந்தது. முஸ்லிமாகப் பிறந்தவனுக்குத் தாடி இல்லையா என்று ஊர் அவன் முகத்தையே பார்க்க, பேச்சு பள்ளிவாசல் கட்டுவது பற்றித் திரும்பிவிடுகிறது.

அந்தப் பள்ளிக்கூடம் கட்டப்படாமல் போன ஊருக்குத்தான் ஜமீலா வருகிறாள், மஜீதின் இரண்டாவது மனைவியாக. நேற்றுவரை ஓடியாடிக்கொண்டிருந்த பெண். நாவலில் ஒரு இடம் மறக்கவே முடியாது. கல்யாணத்தன்று வேலி இடுக்கு வழியாக மஜீதை எட்டிப் பார்த்தவள், அவனை மாப்பிள்ளையின் அப்பா என்று நினைத்திருக்கிறாள். அதை மூத்த மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். ஊரே பயப்படுகிற ஆளுக்கு அந்தச் சிரிப்பைச் சமாளிக்க வழி தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை ஒரே கேள்வியில் மடக்கியவன், பதினாலு பதினைந்து வயசுப் பெண்ணின் சிரிப்பில் தோற்றுப் போகிறான். வகுப்பறை ஒன்றுகூட இல்லாத கதைதான். ஆனாலும் பெண்கல்வியைப் பற்றிப் பேசும்போது நான் இதை விட்டுவிட்டுப் பேசியதில்லை.

தாரேக் மசூதின் 'மாட்டிர் மொய்னா', 2002. கான் (Cannes) திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டு, சர்வதேச விமர்சகர்கள் பரிசு வாங்கிய படம். சொந்த நாட்டில் முதலில் தணிக்கைக் குழு தடை போட்டு, மேல்முறையீட்டில்தான் வெளிவந்தது. 1960களின் கடைசியில் நடக்கும் கதை. அனு என்ற பையனை அப்பா மதராசாவில் கொண்டுபோய் விடுகிறார். அந்த மதராசா வாழ்க்கையை, விடிகாலைக் குளத்துக் குளியலில் ஆரம்பித்து, பாடத்தில் மனம் ஒட்டாத ரொக்கோன் என்ற நண்பன் படும் பாடு வரை, மசூத் அவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறார். தானே மதராசாவில் படித்தவர் என்பதால் வந்த நுணுக்கம் அது.

அந்த வீட்டில் ஆஸ்மா என்று ஒரு தங்கையும் இருக்கிறாள். அனுவை எங்கே படிக்க வைப்பது என்பதுதான் குடும்பத்தின் சண்டை. ஆஸ்மாவின் படிப்பு பேச்சிலேயே வராது. அவளுக்குக் காய்ச்சல் வருகிறது, ஹோமியோபதி பார்க்கும் அப்பா ஆங்கில மருந்துக்குச் சம்மதிப்பதில்லை, பெண் செத்துப்போகிறாள். அம்மா ஆயிஷா அறை ஜன்னலோரம் நிற்கிறாள். நான் முதல் தடவை பார்த்தபோது அனுவின் படமாகத்தான் பார்த்தேன். இரண்டாம் தடவை ஆஸ்மாவை மட்டும் பின்தொடர்ந்து பார்த்தேன். படத்தின் அரசியல் பாதி அவளுடைய மௌனத்தில் இருக்கிறது.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பங்களாதேஷ் படங்களில் மதராசா என்றாலே தொப்பி போட்ட பையன்கள்தான். நிஜத்தில் அரசுப் பாடத்திட்டத்தோடு நடக்கும் ஆலியா மதராசாக்களில் லட்சக்கணக்கான பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். கருப்பு புர்கா போட்டு, பையில் பௌதிகப் புத்தகமும் அரபிப் புத்தகமும் சேர்த்துச் சுமந்து போகிற அந்தப் பெண்ணுக்கு சினிமாவில் இன்னும் முகம் கிடைக்கவில்லை. 2019ல் ஃபெனி மாவட்டம் சோனாகாஜியில் ஒரு மதராசா மாணவி, தலைமை ஆசிரியர் மேல் பாலியல் புகார் கொடுத்ததற்காக, பரீட்சை எழுத வந்த இடத்திலேயே எரிக்கப்பட்டாள். நாடே கொதித்தது. அதன்பிறகாவது அந்த வகுப்பறைக்குள் கேமரா போகும் என்று எதிர்பார்த்தேன்.

தையல் மிஷினுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் படங்களும் திரும்பின. ஷபானா வீட்டில் மிதித்த மிஷின் 1980களுக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் பெருகி, டாக்காவைச் சுற்றி கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிகள் ஆயின. மசூதின் 'ரன்வே', 2010, விமான ஓடுதளத்தை ஒட்டிய குடிசையில் வாழும் குடும்பம். அண்ணன் ருஹுல் மதராசாப் படிப்பை விட்டுவிட்டு வேலையில்லாமல் சுற்றுகிறான். தங்கை ஃபாத்திமா கார்மெண்ட்ஸ் போகிறாள். அவன் என்ன ஆகப்போகிறான் என்பதுதான் படத்தின் பதைபதைப்பு. ஆனால் வீட்டில் சோறு வேகிறது என்றால் அதில் அவள் சம்பளமும் இருக்கிறது.

ருபையத் ஹொசைனின் 'மேட் இன் பங்களாதேஷ்', 2019, உள்நாட்டில் 2022ல் 'ஷிமு' என்ற பெயரில் வெளியானது. இது ஃபாத்திமா போன்ற ஒருத்தியைத் தூக்கி நடுவில் வைத்த படம். ஷிமு சின்ன வயதில் கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்தவள். அதாவது உதவித்தொகைத் திட்டம் யாரைப் பிடித்து வைக்கப் பார்த்ததோ, அந்த வலையில் சிக்காமல் நழுவியவள். இப்போது ஃபேக்டரியில் சங்கம் வைக்கப் புறப்படுகிறாள். சங்கத்தைப் பதிவு செய்யத் தொழிலாளர்களின் கையெழுத்து வேண்டும். தொழிலாளர் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், அரசு அலுவலகத்தில் போய்க் கேள்வி கேட்க வேண்டும். படம் முழுக்க அவள் படித்துக்கொண்டே இருக்கிறாள் என்றுதான் நான் சொல்வேன், பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. பெண்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போடும்போது எனக்கு 'அஷிக்கிதோ' காவல்காரன் ஞாபகம் வந்தான். அவன் கற்ற கையெழுத்து இவர்கள் கைக்கு வர நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். கார்மெண்ட்ஸ் வேலை பெண்பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்ததா, வளர்த்ததா? ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், ஃபேக்டரிகளுக்கு அருகிலுள்ள கிராமங்களில் பெண்பிள்ளைகள் கூடுதல் வருஷங்கள் படித்தார்கள் என்று கண்டார்கள். எண்ணத் தெரிந்தால், எழுதத் தெரிந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்ற எண்ணம் சின்னப் பெண்களைப் பள்ளியில் வைத்தது, கல்யாணத்தைத் தள்ளியது. கொஞ்சம் பெரிய பெண்களை அதே ஃபேக்டரி படிப்பிலிருந்து பிடுங்கவும் செய்தது. இந்த இரட்டைத் தன்மையை எந்தப் படமும் முழுசாகப் பிடித்ததாகத் தெரியவில்லை. சினிமாவுக்கு ஃபேக்டரி என்றால் ஒன்று நரகம், அல்லது போர்க்களம்.

இப்போது உங்கள் மகளுக்கான பகுதி.

பங்களாதேஷில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பை மையமாக வைத்து எடுத்து, எல்லா வீட்டிலும் எல்லாக் குழந்தைகளும் பார்த்தது எது என்று கேட்டால் சினிமா இல்லை, ஒரு கார்ட்டூன். 'மீனா'. யுனிசெஃப் 1990களின் தொடக்கத்தில் கொண்டு வந்தது. பாத்திரத்துக்கு உருவம் கொடுத்தவர் இந்திய அனிமேஷன் கலைஞர் ராம் மோகன், டாக்கா ஓவியர் முஸ்தஃபா மொன்வாரின் பங்கும் பெரியது. சிவப்புப் பாவாடைச் சிறுமி, தம்பி ராஜு, மிட்டு என்று ஒரு கிளி.

முதல் கதையைக் கேளுங்கள். ராஜு பள்ளிக்கூடம் போகிறான். மீனாவும் போகக் கேட்கிறாள், பெண்பிள்ளைக்கு எதற்கு என்கிறார் அப்பா. மீனா அழுதுகொண்டு உட்காரவில்லை. கிளியை அனுப்புகிறாள். மிட்டு வகுப்பறைக்கு வெளியே இருந்து பாடத்தைக் கேட்டுக்கொண்டு வந்து அவளிடம் ஒப்பிக்கிறது. இப்படி எண்ணக் கற்றவள், அன்று சாயங்காலம் வீட்டுக் கோழிகளை எண்ணுகிறாள். ஒன்று குறைகிறது. கோழித் திருடன் மாட்டுகிறான். அப்பாவுக்குப் புத்தி வருகிறது.

பிரச்சாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு கெட்டிக்காரப் பிரச்சாரம் பாருங்கள். உரிமை, சமத்துவம் என்று ஒரு வார்த்தை பேசாமல், எண்ணத் தெரியாத வீட்டில் கோழி காணாமல் போகும் என்று ஒரு விவசாயக் குடும்பத்துக்குப் புரிகிற கணக்கில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு கதையில் அக்காவும் தம்பியும் ஒருநாள் வேலையை மாற்றிக்கொள்வார்கள். அவள் செய்கிற வேலையைச் செய்து பார்த்து ராஜு திணறுவது சிரிப்பாகவும் இருக்கும், சுருக்கென்றும் இருக்கும். இன்றைக்கும் செப்டம்பர் 24 அங்கே மீனா தினம். முப்பது வயது தாண்டிய பங்களாதேஷ் பெண் யாரிடமாவது கிளியின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் மொர்ஷெதுல் இஸ்லாம். குழந்தைகள் படம் என்றால் அங்கே அவர்தான். எழுத்தாளர் முகமது ஜாஃபர் இக்பாலின் நாவலை வைத்து 1996ல் அவர் எடுத்த 'தீபு நம்பர் டூ' ஒரு தலைமுறையின் பள்ளிக்கூட ஞாபகம். புதுப் பள்ளி, வகுப்பில் ஏற்கெனவே ஒரு தீபு இருப்பதால் இவன் நம்பர் டூ, வம்புக்கு வரும் தாரிக், பிறகு அவனோடு நட்பு. அற்புதமான படம், முழுக்க முழுக்கப் பையன்களின் உலகம்.

அதே இயக்குநர் 2017ல் அதே எழுத்தாளரின் வேறொரு நாவலை எடுத்தார்: 'ஆங்கி ஓ தார் பொந்துரா', ஆங்கியும் அவள் நண்பர்களும். ஆங்கி என்றால் கண். அந்தப் பெயர் கொண்டவளுக்குப் பார்வை கிடையாது. சாதாரணப் பள்ளி ஒன்றில், பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கிற வகுப்பில் அவள் வந்து சேருகிறாள். ஒரு பெண் வகுப்பறைக்குள் நுழைந்து பெஞ்சில் உட்காருவதில்தான் கதை தொடங்குகிறது, முடிவதில்லை. அவளைப் பார்த்துப் பரிதாபப்படுவதா, கூட விளையாடுவதா என்று அந்த வகுப்புக் குழந்தைகள் தங்களுக்குள் கண்டுபிடிக்கிறார்கள். 'தீபு நம்பர் டூ' அளவுக்குக் கட்டுக்கோப்பான படம் இல்லை. பிற்பாதியில் சாகசம் வேறு வந்து சேர்ந்துகொள்கிறது. ஆனாலும் அந்த வகுப்பறைக் காட்சிகளுக்காக மன்னித்துவிடலாம்.

'ரிக்‌ஷா கேர்ள்' என்று ஒன்று, அமிதாப் ரெசா சௌத்ரி எடுத்தது. சுவரில் எல்லாம் ஓவியம் வரையும் கிராமத்துப் பெண், அப்பா நோயில் விழுந்ததும் டாக்காவுக்குப் போய் ஆண் வேஷத்தில் ரிக்‌ஷா மிதிக்கிறாள். கண்ணுக்கு அழகு, மனதில் அவ்வளவாகத் தங்கவில்லை. காக்ஸ் பஜார் கடலில் அலைச்சறுக்கு செய்யும் பெண்ணைப் பற்றிய 'ந டொராய்', 2019, எனக்கு இதைவிடப் பிடித்தது. தலைப்புக்கு சிட்டகாங் பேச்சில் 'பயப்பட மாட்டேன்' என்று அர்த்தம். வீடும் கல்யாணமும் அவளைக் கரையில் கட்டிப்போடப் பார்க்கின்றன. இரண்டும் பள்ளிப் படங்கள் இல்லை, அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

கடைசியாக நீங்கள் ஆரம்பித்த இடம், 'ரெஹானா மரியம் நூர்'. அப்துல்லா முகமது சாத் இயக்கியது, 2021. கான் விழாவின் அதிகாரபூர்வத் தேர்வில் இடம்பெற்ற முதல் பங்களாதேஷ் படம். ரெஹானாவாக ஆஸ்மேரி ஹக் பாதோன்.

இதுவரை சொன்ன படங்களில் எல்லாம் பெண் உள்ளே நுழையத்தான் போராடினாள். இந்தப் படத்தில் எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரி, வகுப்பு நிறைய மாணவிகள், உதவிப் பேராசிரியை ரெஹானா, கல்லூரி முதல்வரும் ஒரு பெண். உதவித்தொகைத் திட்டம் கனவு கண்டது இதைத்தானே? அங்கேதான் ஆனி என்ற மாணவி ஒருநாள் மாலை ஒரு பேராசிரியரின் அறையிலிருந்து அழுதுகொண்டு வெளியே வருகிறாள். ரெஹானா பார்த்துவிடுகிறாள். புகார் கொடு என்கிறாள். ஆனிக்குப் பயம், படிப்பு போய்விடும், பெயர் கெட்டுவிடும். அவள் பின்வாங்குகிறாள். உடனே ரெஹானா, நடந்தது தனக்குத்தான் என்று தானே புகார் கொடுக்கிறாள்.

கல்வி நிறுவனங்களில் பாலியல் தொந்தரவை விசாரிக்கப் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட குழு வேண்டும் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2009லேயே சொல்லிவிட்டது. படம் வந்தது அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து. விதி இருக்கிறது, குழு இருக்கலாம், ஆனால் கதவைத் தட்ட வேண்டியவளுக்குத் தட்டினால் என்ன ஆகும் என்று தெரியும். சாத் இதை உபதேசமாகச் சொல்வதில்லை. ரெஹானாவை நமக்குப் பிடிக்காமல்கூடச் செய்கிறார். பரீட்சையில் காப்பி அடித்த மாணவியிடம் இரக்கமே காட்டாதவள் அவள். ஆனிக்கு நீதி கேட்கிறாளா, தன் பிடிவாதத்துக்குத் தீனி போடுகிறாளா என்று சந்தேகம் வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் குட்டிப் பெண் எமுவுக்கு வருவோம். பள்ளியில் ஒரு பையனைக் கடித்துவிட்டாள் என்று புகார். மன்னிப்புக் கேட்கச் சொல்கிறது பள்ளி. அவன்தானே முதலில் சீண்டினான், என் மகள் ஏன் கேட்க வேண்டும் என்கிறாள் ரெஹானா. எமுவுக்கோ பள்ளி விழா மேடையில் ஏற வேண்டும், அது ஒன்றுதான் கவலை. நீங்கள் கவனித்தீர்களா தெரியாது, எமுவின் பள்ளிக்கூடத்தை நாம் பார்ப்பதே இல்லை. கேமரா அந்த நீல வெளிச்ச மருத்துவமனைக் கட்டடத்தை விட்டு நகர்வதில்லை. பள்ளி போன் வழியாகத்தான் வருகிறது. பங்களாதேஷ் சினிமா பெண்பிள்ளையின் பள்ளியை வெளியே நின்றே காட்டிப் பழகியது என்று சொன்னேனே, அந்தப் பழக்கம் இங்கே ஒரு உத்தியாக மாறியிருக்கிறது. கடைசியில், விழாவுக்குப் போக விடாமல் மகளை அறைக்குள் பிடித்து வைப்பது அந்த அம்மாவே. அவள் நியாயம் அவளுக்கு. ஆனால் கதவுக்குப் பின்னால் கத்துகிற குழந்தைக்கு, தன்னைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் அடைத்து வைத்தவர் யார்?

ஆகவே உங்கள் மகளோடு பார்க்க என் வரிசை இது. மீனாவில் ஆரம்பியுங்கள், ஏழாவது படிக்கிறவள் முதலில் குழந்தை கார்ட்டூன் என்று உதடு பிதுக்குவாள், கோழி எண்ணும் கதை வந்ததும் அடங்கிவிடுவாள். அடுத்து ஆங்கி. ஒரு விடுமுறை நாளில் 'மாட்டிர் மொய்னா', பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் நல்லது, ஆஸ்மா போன பிறகு கேள்விகள் வரும். 'ஷிமு'வைப் பத்தாவது முடித்ததும் காட்டலாம். 'ரெஹானா'வுக்கு அவசரப்பட வேண்டாம். அவள் கல்லூரிக்குப் புறப்படுகிற வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள், அந்தக் கடைசிக் காட்சியில் யார் பக்கம் நிற்கிறாள் என்று அவளே சொல்லட்டும்.